லண்டனில் கை ஓடவில்லை என்ற தம்பிக்கு

"லண்டனுக்குப் படிக்க வந்திருக்கிறேன், படம் வரைவேன். வந்ததிலிருந்து கையே ஓடவில்லை. படம் விற்றுச் செலவைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. பட்டப்படிப்பு என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை சம்பள வேலைக்குப் போகலாம். ஆர்டர் பிடித்து உருவப்படம் வரைந்து கொடுப்பது அதில் சேராது. "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று தைரியம் சொல்கிறவர் விசா போனால் துணைக்கு வரமாட்டார்.

சரி, கை ஓடாத விஷயம். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதமே எல்லா மியூசியத்தையும் சுற்றி, போட்டோவாக எடுத்துத் தள்ளி, மிரண்டுபோய் அறைக்குள் முடங்கிவிடுகிறார்கள். ட்ரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரியின் நிரந்தரச் சேகரிப்புக்குக் கட்டணம் கிடையாது. அதனால் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரலாம், நஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பென்சிலும் சின்ன நோட்டும் போதும்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 34 வயதில் தன்னை வரைந்ததும் 63 வயதில் வரைந்ததும் அங்கே இருக்கின்றன. முதலாவதில் ஆள் நல்ல உடுப்போடு கையை ஊன்றி மிடுக்காக நிற்கிறார். இரண்டாவது அவர் இறந்த 1669இல் வரைந்தது. முகத்தில் வண்ணம் அப்பிக் கிடக்கிறது. கோத்த கைகளையோ போகிற போக்கில் தீட்டியிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், முதலில் அந்தக் கையில் தூரிகை இருந்திருக்கிறது. பிறகு அதை மறைத்துவிட்டார். ஏன் மறைத்தார் என்று யோசித்துக்கொண்டே அந்தக் கைகளை மட்டும் வரைந்து பாருங்கள். ஒரு மாலை போய்விடும்.

அப்புறம், பிரிட்டிஷ் மியூசியத்தில் கோட்டோவியங்களுக்கென்று தனிப் படிப்பறை உண்டு. முன்பதிவு செய்தால் மூலத்தையே எடுத்துவந்து முன்னால் வைப்பார்கள். பெரிய ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. இங்கேயே வருஷக்கணக்காக இருப்பவர்களில் பலருக்கு இது தெரியாது, அதுதான் வேடிக்கை.

குளிர்காலத்துக்கு ஒன்று. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். பல்பு வெளிச்சத்தில் கலந்த நீலம் காலையில் பார்த்தால் வேறு நீலமாக இருக்கும். வண்ண வேலையைச் சனி, ஞாயிறு பகலுக்கு ஒதுக்கிவிட்டு, வாரநாள் இரவுகளில் கோடு மட்டும் போடுங்கள்.