விளம்பரப் பலகையில் ஒரு விமானம்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ரிமோட் விமானத்தின் மேல் அவளுக்குத் தீராத ஆசை. இரண்டு தெர்மாகோல் விமானங்கள் வாங்கினோம். இரண்டுமே முதல் வாரத்திலேயே நொறுங்கிவிட்டன. சைன் போர்டு பிளாஸ்டிக்கில் நாமே செய்தால் உடையாது என்கிறார்கள். ஒரு பலகை வாங்கி வெட்டியும் பார்த்தோம். ஆனால் எந்தப் பசையும் அதில் ஒட்ட மறுக்கிறது. 10,000 ரூபாய்க்குள் இதைச் செய்து பறக்கவைக்க முடியுமா? — ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: முடியும். பெரும்பாலானவர்கள் கைவிடும் இடம் நீங்கள் சொன்ன அந்தப் பசைதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் வாங்கிய பலகை, கடைக்காரர்கள் சன்பேக் ஷீட் என்று சொல்வதாகத்தான் இருக்கும். விளக்குக் கம்பங்களில் தொங்கும் டியூஷன் விளம்பரம், வீட்டுமனை விளம்பரம் எல்லாம் அதில்தான். இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே வரிசையாக ஓடும் சின்னச் சின்னக் குழல்கள், எல்லாம் பாலிப்ரொப்பிலீன். அதன் மேல் பசையை விட்டால் தாமரை இலைத் தண்ணீர்தான்: முத்து முத்தாக நிற்குமே தவிரப் படியாது. அச்சு மை பிடிப்பதற்காகத் தொழிற்சாலையில் மின்பொறியால் மேற்பரப்பைப் பதப்படுத்தி அனுப்புவார்கள். நாளாக நாளாக அந்தப் பதம் போய்விடும்.

போன பதத்தை நெருப்பால் திரும்பக் கொண்டுவரலாம். ஒட்டவேண்டிய இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பாட்டிலை மூடி வேறு அறையில் வைத்துவிட்டு, சிறிய கேஸ் டார்ச்சைப் பற்றவையுங்கள். நீலச் சுடரின் நுனி மட்டும் தகட்டைத் தொடவேண்டும். சூடத்தின் மேல் கையை ஓட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, அந்த வேகத்தில் ஒரே ஓட்டு. நின்றால் தகடு சுருங்கிவிடும். சிகரெட் லைட்டர் வேண்டாம். அதன் மஞ்சள் சுடர் கரியைத்தான் அப்பும். ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருளாமல் பரவி நின்றால் வேலை முடிந்தது. ஈரத்தைத் துடைத்துவிட்டு, அன்றைக்கே சயனோஅக்ரிலேட் பசையால் ஒட்டுங்கள். அதுதான் நாம் ஃபெவிகுவிக் என்று கேட்டு வாங்குவது. இதைப் பெரியவர் யாராவது, காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும். இவ்வளவு செய்தாலும் நான் பசையை மட்டும் நம்புவதில்லை. பளு தாங்கும் ஒவ்வொரு மூட்டிலும் சூட்டுக்கோலால் துளையிட்டு ஒரு கேபிள் டை போட்டுவிடுவேன்.

இந்த முறை நாம் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் இதற்கு ஸ்பேட் என்று பெயர். 'எளிய பிளாஸ்டிக் விமான வடிவமைப்பு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். மழைநீர் இறங்கும் பிவிசி குழாயை உடலாகவும் விளம்பரப் பலகையை இறக்கையாகவும் வைத்துக் கட்டினார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மெத்தனால் எரிபொருளில் ஓடும் 6.5 சிசி அளவு இன்ஜின்களுக்காகச் செய்யப்பட்டவை. அந்த இன்ஜின் கனத்தைப் பொருட்படுத்தாது. நீங்கள் பேட்டரி மோட்டார் வைக்கப்போகிறீர்கள். அந்தப் பழைய வரைபடங்களை அப்படியே எடுத்துச் செய்தால், விமானம் உடையவும் உடையாது, பறக்கவும் பறக்காது.

உடையாமைக்கு நாம் கொடுக்கும் விலை கனம்தான். அதனால் வெட்டுவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். 20 செ.மீ.க்கு 50 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள். வரும் எடையைப் பத்தால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. 2 மி.மீ. பலகை 300 கிராமை ஒட்டி வரும், 4 மி.மீ. 700 கிராம் வரை போகும். ஒப்பிட்டுச் சொன்னால், விமானக்காரர்கள் விரும்பும் 6 மி.மீ. டெப்ரான் நுரைத்தகடு சுமார் 200 கிராம்தான். ஆகவே இறக்கைக்கும் வாலுக்கும் 2 மி.மீ. பலகை, உடலுக்கு மட்டும் 3 மி.மீ. போதும். 4 மி.மீ. பலகை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பழைய பலகைகளைப் பயன்படுத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உரியவரைக் கேட்டு எடுத்தால் தாராளமாக. ஆனால் வெயிலில் மாதக்கணக்கில் தொங்கிய பாலிப்ரொப்பிலீன் மொறுமொறுத்துப்போகும். ஓர் ஓரத்தை மடித்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் நல்ல பலகை; அப்பளம்போல் ஒடிந்தால் குப்பைக்கு. என் முதல் விமானத்தின் இடது இறக்கையில் 'குறைந்த முன்பணம்' என்பது மட்டும் தலைகீழாகத் தெரியும். அதையே அடையாளமாக வைத்து விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடித்தேன். எழுத்துக்கும் ஒரு பயன்.

இனி அளவுகள். இறக்கையின் மொத்த நீளம் 120 செ.மீ., அகலம் 24 செ.மீ. இதை 60 செ.மீ. பாதிகள் இரண்டாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பாதிக்கும் 60 செ.மீ.க்கு 49 செ.மீ. தகடு ஒன்று, குழல்கள் நீளவாக்கில் ஓடவேண்டும். இந்த ஒன்றை மாற்றி வெட்டிவிட்டால் இறக்கை வானத்தில் மடிந்துவிடும். தகட்டின் நடுவில் மூன்று குழல்களின் உள்பக்கத் தோலை மட்டும் கத்தியால் கீறி, புத்தக அட்டைபோல் மடியுங்கள். மடிப்பு வரும் பக்கம் இறக்கையின் முன்விளிம்பு. அதிலிருந்து 7 செ.மீ. தள்ளி, உள்ளே ஒரு மரச்சட்டத்தை நிற்கவைக்க வேண்டும். பெட்டி அடிக்கும் பைன் மரத்தில் 5 மி.மீ. தடிமன், 25 மி.மீ. உயரத்தில் தச்சரிடம் அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தின் மேல் தகடு வளைந்து உட்காரும்போது இறக்கைக்கு வேண்டிய மேல்வளைவு தானாக வந்துவிடும். பின்விளிம்பில் இரண்டு தகடுகளையும் சுடர் காட்டி ஒட்டி, 10 செ.மீ.க்கு ஒரு கேபிள் டை.

இரண்டு பாதிகளையும் இணைக்கும்போது நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். மேசையில் நடுப்பகுதி படிந்திருக்க, ஒவ்வொரு நுனியும் 6 செ.மீ. உயர்ந்து நிற்கவேண்டும். 4 மி.மீ. பிளைவுட்டில் அகன்ற 'வி' வடிவில் 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இருபக்கச் சட்டங்களோடும் சேர்த்துக் கட்டுங்கள். அந்த 6 செ.மீ. உயரம்தான் உங்கள் மகளுக்கு ஆசிரியர். விமானம் ஒரு பக்கம் சரிந்தால், கையை எடுத்துவிட்டாலே அது மெல்லத் தானாக நிமிரும். வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கானை இடமோ வலமோ திருப்பினாலே இறக்கை சாய்ந்து திரும்பவும் செய்யும். அதனால் இறக்கையில் ஏலரான், அதாவது விமானத்தைச் சாய்ப்பதற்கான அசையும் பட்டை, தேவையில்லை. வாலின் பாகங்களை அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோ இரண்டு போதும்.

உடல் என்பது 7 செ.மீ.க்கு 7 செ.மீ. சதுரப் பெட்டி, 80 செ.மீ. நீளம். குழல்கள் நீளவாக்கில். மடிப்புகளில் உள்தோலை மட்டும் கீறினால் அட்டைப்பெட்டிபோல் மடியும். வாலின் கிடைப்பலகை 45 செ.மீ.க்கு 13 செ.மீ. இதன் பின்பகுதி மேலும் கீழும் அசையவேண்டும், அதுதான் எலிவேட்டர். இந்தப் பொருளின் அழகு இங்கேதான் தெரியும்: ஒரு குழலின் மேல்தோலை மட்டும் நீளமாகக் கீறுங்கள், கீழ்த்தோலே கீலாக வேலை செய்யும். ஆயிரக்கணக்கான முறை மடக்கினாலும் பாலிப்ரொப்பிலீன் அறாது. ஷாம்பு பாட்டில் மூடியில் இருப்பதும் இதே வித்தைதான். வால் துவண்டால் குழல்களுக்குள் ஊதுபத்திக் குச்சியைச் செருகுங்கள், விறைத்து நிற்கும். மருந்து தடவாத வெறும் குச்சியாக இருக்கட்டும்.

சக்கரம் வைக்காதீர்கள். கரடுமுரடான தரையில் அது குப்புறத் தள்ளத்தான் உதவும். கையால் எறிந்து, புல்லில் வயிறு தேய இறக்குங்கள். இறக்கையை உடலோடு ஒட்டவும் கூடாது. சைக்கிள் டியூபைக் குறுக்காக வெட்டிய வளையங்களால் கட்டுங்கள். மோதும்போது இறக்கை கழன்று விழும், உடல் பிழைக்கும்.

பணம் எங்கே போகும்? பலகை, மரம், கேபிள் டை எல்லாம் சேர்ந்தும் சிறு தொகைதான். உங்கள் 10,000 ரூபாயில் பாதி வரை ரிமோட்டுக்கும் ரிசீவருக்கும் போகட்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். விமானங்கள் வரும், போகும். ரிமோட் பத்து ஆண்டு உழைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆறு சானல் ரிமோட், உதாரணமாக ஃபிளைஸ்கை ஐ6, போதும். மோட்டார் ஏ2212, 1000 கேவி (கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு). வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் இஎஸ்சி. 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-அவர் லித்தியம் பாலிமர் பேட்டரி. 10 அங்குல விசிறி. 9 கிராம் சர்வோ இரண்டு. இந்த மோட்டார் ஏறத்தாழ 700 முதல் 800 கிராம் வரை இழுக்கும். எல்லாம் சேர்ந்து உங்கள் விமானம் 850 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சுகமாக ஏறும். ஒரு கிலோவைத் தாண்டினால் எதையாவது கழற்றுங்கள். பெரும்பாலும் கேபிள் டையும் பசையும்தான் குற்றவாளிகள்.

பேட்டரியைப் பற்றி ஒரு கண்டிப்பு. சார்ஜ் ஏறும்போது ஆள் அருகில் இருக்கவேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. 2.2 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் மூன்று செல்களில் எதுவும் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. உப்பிப்போன பேட்டரிக்கு மறுவாழ்வு கிடையாது. அப்புறம், வீட்டுக்குள் மோட்டாரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுங்கள். அது விரலுக்கும் வெண்டைக்காய்க்கும் வித்தியாசம் பார்க்காது.

பறக்கவைக்கும் முன் செய்யவேண்டியவற்றில் முதலாவது சமநிலை. பேட்டரியையும் வைத்துவிட்டு, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 6.5 செ.மீ. பின்னால் இரண்டு விரல் கொடுத்துத் தூக்குங்கள். விமானம் மட்டமாகவோ, மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள். இதைச் சரிசெய்யாமல் எறிந்தால் எந்த விரலாலும் காப்பாற்ற முடியாது. தெர்மாகோல் விமானங்கள் முதல் வாரத்தில் உடைவதற்கும் பல நேரம் தெர்மாகோல் காரணமல்ல, இதுதான் காரணம்.

இரண்டாவது, கட்டுப்பாடுகள் சரியான திசையில் அசைகின்றனவா என்பது. ரிமோட்டின் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் எலிவேட்டர் மேலே தூக்கவேண்டும். சிரிக்காதீர்கள். நான் ஒருமுறை இதைத் தலைகீழாக மாட்டி, இருபது பேர் பார்க்க எறிந்தேன். அது தரையை நோக்கிப் பாய, நான் இன்னும் இழுக்க, உழுத நிலத்தில் ஏர்முனைபோல் செருகி நின்றது. மண்ணைத் தட்டிவிட்டு விசிறி ஒன்றை மட்டும் மாற்றி, பத்து நிமிடத்தில் மறுபடி பறக்கவிட்டோம். தெர்மாகோலாக இருந்திருந்தால் பெருக்கி அள்ளியிருக்க வேண்டும்.

சுக்கானுக்கான சர்வோவை ரிசீவரின் முதல் சானலில் மாட்டி, வலதுகைக் குச்சிக்குக் கொண்டுவாருங்கள். நாளை ஏலரான் வைத்த விமானத்துக்குப் போகும்போது கை அதே பழக்கத்தில் இருக்கும். களத்துக்குப் போகும் முன் உங்கள் மகள் இரண்டு வாரம், திரையில் பறக்கவிட்டுப் பழகும் பிக்காசிம் போன்ற இலவச சிமுலேட்டரில் மோதித் தீர்த்துக்கொள்ளட்டும். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். எல்லோரும் தடுமாறுவது அங்கேதான். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளச் சொல்லுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் போதும், யோசிக்க வேண்டியிருக்காது.

நீங்கள் இருப்பது உடுமலை என்பதால் காற்றையும் சொல்லவேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் காற்றை நம்பித்தான் உங்கள் ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மி பறக்கலாம். 850 கிராம் விமானத்தைப் பழகுகிறவர் அப்போது எடுக்கவேண்டாம். அந்த மாதங்களில் கட்டுங்கள், தை பிறந்ததும் பறக்கவிடுங்கள். மற்ற மாதங்களிலும் விடிந்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் பழகுவதற்கு ஏற்றது. மரத்தில் இலை அசைந்தால் அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். காற்றாலைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் அருகில் வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாதிரி விமானங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் பறக்கவிட வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் மைதானம், முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே உயர வரம்பு 400 அடி. கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் ஆகியவற்றின் பக்கம் போகும்போது இதில் அலட்சியம் கூடாது.

முதல் நாள் எறிவது நீங்களாக இருங்கள், ரிமோட் அவள் கையில் இருக்கட்டும். காற்றுக்கு எதிராக, முக்கால்வாசி மோட்டார் வேகத்தில், மட்டமாக எறியுங்கள். வானத்தை நோக்கி வீசவேண்டாம். மூன்று பனைமர உயரம் போகும்வரை திருப்பவே வேண்டாம். பேட்டரியில் பாதி நேரம் ஆனதும் இறக்கச் சொல்லுங்கள். மறக்காமல் ஒரு விசிறிக்கு நான்காக வாங்கி வையுங்கள். அந்த இறக்கையை அவள் நன்றாகப் பழகியபின், நுனி உயராத, ஏலரான் வைத்த இறக்கை ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வெட்டிவிடலாம். இன்னும் இரண்டு சர்வோதான் கூடுதல் செலவு. அதே உடலில், அதே சைக்கிள் டியூபில் அது உட்காரும்.