குளிர்காலத்தில் தோல் வறண்டிருக்கும்போது வேக்ஸிங் செய்யலாமா?

கேள்வி கேட்ட தோழி ஊட்டியில் ஆசிரியை. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மார்கழி பிறந்ததிலிருந்து கையும் காலும் வறண்டு வெள்ளை பூத்திருக்கிறதாம். போன முறை பார்லரில் வேக்ஸிங் செய்தபோது தோல் எரிந்தது, முடியில் பாதி அறுந்து அப்படியே நின்றுவிட்டது. இந்தக் குளிரில் மறுபடி செய்யலாமா, செய்வதென்றால் எந்த வேக்ஸ் நல்லது என்று கேட்டிருக்கிறார்.

செய்யலாம். ஆனால் எந்த வேக்ஸ் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தோலைத் தயார் செய்ய வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது ஆகும். வெடிப்பு விழுந்த இடத்தில் எந்த வேக்ஸும் வேண்டாம். நான் குன்னூரில் பார்லர் நடத்துகிறேன். கோயம்புத்தூரில் தொழில் கற்றுக்கொண்டு மலைக்கு வந்தவள். கீழே சமவெளியில் சரியாக வரும் முறை டிசம்பர், ஜனவரியில் இங்கே அப்படியே வராது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அதில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் வளைந்து கொடுக்கும். அந்த ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் விறைத்து, ஓரங்கள் தூக்கிக்கொண்டு செதிலாக நிற்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வானம் தெளிந்து இரவில் உறைபனி விழும். குளிர்ந்த காற்றில் ஈரம் அதிகம் தங்காது. அதே காற்றை ரூம் ஹீட்டர் போட்டுச் சூடாக்கினால் அது நம் தோலில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியல், சோப்பு, உரசிக்கொண்டே இருக்கும் கம்பளி. காலின் முன்பக்கம், எலும்பை ஒட்டிய இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. அதனால்தான் முதலில் அங்கே வெள்ளை பூக்கிறது. கவனிக்காமல் விட்டால் ஏரி காய்ந்து வெடித்ததைப் போலக் கோடு கோடாகப் பிளக்கும்.

இந்தத் தோலில் வேக்ஸ் தடவினால் அது முடியைப் பிடிப்பதற்கு முன்பே செதிலைப் பிடித்துக்கொள்கிறது. இழுக்கும்போது செதிலோடு அடியிலுள்ள நல்ல தோலும் சேர்ந்து வருகிறது. உங்களுக்கு எரிந்தது அதனால்தான். முடியும் காய்ந்திருப்பதால் வேரோடு வராமல் தோல் மட்டத்திலேயே அறுந்துவிடுகிறது. அப்படி அறுந்த முடிதான் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சின்னச் சின்னக் கட்டியாக எழும்பும். குளிரில் புல்லரித்திருந்தால் இன்னும் சிரமம். தோல் மேடும் பள்ளமுமாக இருக்கும், வேக்ஸ் சீராகப் படியாது. குளிர்ந்த தோலில் பட்ட உடனேயே வேக்ஸ் இறுகியும் போகும். சரி, இன்னும் சூடாக்கலாம் என்று வேக்ஸ் ஹீட்டரைக் கூட்டுவார்கள். மலைப் பக்கத்து பார்லர்களில் சூடு பட்டுக் கொப்பளிப்பது பெரும்பாலும் இப்படித்தான். கூட்ட வேண்டியது அறையின் சூட்டை, வேக்ஸின் சூட்டை இல்லை.

இனி அந்த ஒரு வாரத்துக்கு வருகிறேன். இன்று முதலே குளிக்கும் தண்ணீரின் சூட்டைக் குறையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும், பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். சோப்பைக் கைகால் முழுக்கத் தேய்க்காமல் அக்குள், இடுக்கு, பாதம் என்று தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள். கடலை மாவு, பயத்த மாவு இரண்டும் இந்த வாரம் வேண்டாம், இருக்கிற எண்ணெயையும் எடுத்துவிடும். துடைத்து முடித்துச் சேலை கட்டிய பிறகு கிரீம் தேடாதீர்கள். உடம்பில் ஈரம் இருக்கும்போதே, குளியலறையிலேயே தடவிவிடுங்கள். கிளிசரின் உள்ள கெட்டியான மாய்ஸ்சரைசர் நல்லது. தேங்காய் எண்ணெய் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், ஆனால் எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். அதனால் ஈரத் தோலின்மேல்தான் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நம் ஊரில் குளிர்காலம் முழுக்க பாட்டிலில் வெள்ளையாகக் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்கிப் பூசுங்கள், கட்டியைக் குச்சியால் நோண்டித் தோலில் தேய்க்க வேண்டாம்.

கால் ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் மருந்துக் கடையில் 10 சதவீத யூரியா கிரீம் கிடைக்கும். ராத்திரியில் தடவினால் நான்கைந்து நாளில் செதில் இளகிவிடும். வெடிப்பு இருக்கும் இடத்தில் எரியும், அங்கே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். வேக்ஸிங்குக்கு இரண்டு நாள் முன்பே யூரியா கிரீமை நிறுத்திவிடுங்கள். அன்றைக்கே ஈரத் துணியால் வட்ட வட்டமாக மெதுவாகத் துடைத்துச் செதிலை எடுத்துவிடுங்கள். பீர்க்கங்காய் நார் வைத்திருந்தால் நன்றாக ஊறவைத்து லேசாகத் தேய்க்கலாம். வேக்ஸிங் செய்யும் நாளில் மட்டும் ஸ்க்ரப் கூடவே கூடாது.

அன்று காலையில் கிரீமும் எண்ணெயும் வேண்டாம். வாரம் முழுக்கத் தடவச் சொல்லிவிட்டு இப்போது வேண்டாம் என்கிறாளே என்று நினைக்கலாம். உள்ளே ஈரம் இருக்க வேண்டும், மேலே வழவழப்பு இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் முடி முழுசாக வரும். முடி கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் நீளமாவது இருக்கட்டும். பனியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் உட்கார்ந்துவிடாதீர்கள். கால் மணி நேரம் கழித்து, கைகால் சூடான பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் செய்வது ஒரு சின்னச் சோதனை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் நகத்தால் லேசாக ஒரு கோடு இழுப்பேன். கோடு தெரியாமல் மறைந்தால் தொடங்கலாம். வெள்ளைக் கோடு அப்படியே நின்று, நகத்தில் மாவு போல ஒட்டினால், அன்றைக்கு கால் இல்லை. கையை மட்டும் செய்துவிட்டு, காலுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்புவேன். வருமானம் போகிறதே என்று இதில் பார்க்கக் கூடாது. நீங்கள் போகும் பார்லரில் பார்க்காமலே வேக்ஸ் பூசும் ஸ்பாட்டுலாவை எடுத்தால், நீங்களே கோடு போட்டுக் காட்டிக் கேளுங்கள்.

இப்போது வேக்ஸ் எது என்பதற்கு வருகிறேன். ஹனி வேக்ஸ் சர்க்கரைப் பாகு வகை, தண்ணீரில் கரையும், விலை குறைவு. ஆனால் வறண்ட தோலையும் சேர்த்து இழுக்கும். முன்னால் போடும் பவுடரை அள்ளிக் கொட்டினால் மிச்ச ஈரத்தையும் அது உறிஞ்சும், தூவியது தெரியாத அளவுக்குப் போட்டால் போதும். ரிக்கா என்று எல்லோரும் சொல்லும் வகை எண்ணெயில் கரைவது. மெல்லிசாகப் பூசலாம், சூடு குறைவாக இருந்தாலே பரவும், மிச்சத்தை எண்ணெயால் துடைப்பதால் முடிவில் தோலில் கொஞ்சம் பசையும் தங்கும். கை, கால் போன்ற பெரிய இடத்துக்குக் குளிர்காலத்தில் நான் இதைத்தான் எடுப்பேன். அக்குள், அப்பர் லிப் என்றால் ஸ்ட்ரிப், அதாவது மேலே ஒட்டி இழுக்கும் பட்டை, இல்லாத ஹார்ட் வேக்ஸ். அது முடியைச் சுற்றி இறுகும், தோலில் அவ்வளவாக ஒட்டாது. அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டுகூடப் போடலாம். ஆனால் அறை குளிர்ந்திருந்தால் எடுக்கும்போது துண்டு துண்டாக உடையும், ஓரத்தைத் தடிப்பாக விட்டுப் பூச வேண்டும்.

வீட்டில் சர்க்கரையும் எலுமிச்சையும் காய்ச்சி வேக்ஸ் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வீடியோவில் சொன்ன வெப்பநிலையைத் தெர்மாமீட்டரில் பார்த்துக் காய்ச்சினால் பாகு முற்றிப்போய்க் கல்லாகிவிடும். சுமார் 7 டிகிரி முன்னாலேயே இறக்க வேண்டும், அல்லது அதிரசத்துக்குப் பார்ப்பதுபோலத் தண்ணீரில் விட்டு உருட்டுப் பதம் பாருங்கள்.

எந்த வேக்ஸானாலும் இழுக்கும் விதத்தில்தான் பாதி இருக்கிறது. வறண்ட தோலில் நீளமான ஸ்ட்ரிப் வேண்டாம், உள்ளங்கை அகலத்துக்குப் பூசினால் போதும். வேக்ஸைப் பார்லரில் செய்பவர் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே உங்கள் மேல் வைக்க வேண்டும். முடி வளரும் திசையில் பூசி, ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்த் திசையில் தோலை ஒட்டியபடியே சட்டென்று இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் முடி அறுந்துவிடும், தோலும் தூக்கிக்கொள்ளும். உங்களுக்குப் பாதி முடி நின்றதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அறுந்து நின்ற முடிக்காக அதே இடத்தில் இரண்டாவது முறை ஸ்ட்ரிப் போட விடாதீர்கள். தோல் உரிவது பெரும்பாலும் அந்த இரண்டாவது இழுப்பில்தான். நின்றதை ட்வீசரால் எடுக்கச் சொல்லுங்கள், நேரமானாலும் பரவாயில்லை.

சிலருக்கு வேக்ஸிங்கே கூடாது. போன குளிர்காலத்தில் ஒரு பெண் அப்பர் லிப் செய்ய வந்தாள். தோல் கண்ணாடி மாதிரி மினுமினுப்பாக, நரம்பு தெரிய இருந்தது.

“முகத்துக்கு என்ன கிரீம் போடறே கண்ணு?”

“மெடிக்கல்ல வாங்கினதுங்க்கா. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, கலர் வரும்னு.”

டியூபைப் பார்த்தால் ஸ்டீராய்டு, கூடவே ட்ரெட்டினாயின். ஸ்டீராய்டு நாள்பட நாள்படத் தோலை மெலிதாக்கும், ட்ரெட்டினாயின் மேலடுக்கை உரிக்கும். அதன்மேல் வேக்ஸ் போட்டால் தோல் கையோடு வந்துவிடும். திரெடிங்கூடச் செய்யாமல் தோல் டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இந்த மாதிரி கிரீம்களைத் தயவுசெய்து முகத்தில் போடாதீர்கள். ரெட்டினால், அடாபலீன் கிரீம் போடுபவர்கள் வேக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்பாவது நிறுத்த வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள், நிறுத்தி 6 மாதம் ஆகும்வரை வேக்ஸிங் பக்கமே வரக் கூடாது, தழும்பு விழும். சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள், ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், எக்ஸிமா, சொரியாசிஸ் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

வேக்ஸிங் முடிந்த அன்று வெந்நீர் வேண்டாம், குளிர் காய ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டவும் வேண்டாம். கம்பளி, இறுக்கமான தெர்மல் லெகின்ஸ் நேராகத் தோலில் படாமல் உள்ளே மெல்லிய பருத்தி போடுங்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை அன்றைக்கே தொடங்கிவிடலாம். எங்காவது தோல் உரிந்து சிவந்து ஈரமாகத் தெரிந்தால், ஆறின தண்ணீரில் கழுவிப் பெட்ரோலியம் ஜெல்லி போட்டு மூடுங்கள். மஞ்சள், பற்பசை, காபித்தூள் எதையும் அப்ப வேண்டாம். சீழ் வைத்தால் டாக்டரிடம் போங்கள். நம் நிறத்துத் தோலில் உரிந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள், 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கைக்கும் சன்ஸ்கிரீன் போடுங்கள். நான்கு நாள் கழித்து மறுபடி மெதுவாக ஸ்க்ரப் செய்தால் முடி உள்ளே சுருளாது.

கல்யாணத்துக்கு என்றால் வரிசை முக்கியம். மருதாணி பிடிப்பது தோலின் அதே மேலடுக்கில்தான். மெஹந்தி போட்ட பிறகு வேக்ஸ் செய்தால் நிறமும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அதனால் மெஹந்திக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வேக்ஸிங்கை முடித்துவிடுங்கள். மெஹந்தி வைக்கும் அன்று கையில் கிரீம் இருக்கக் கூடாது, பிடிக்காது. தங்கைக்கு நலங்கு வைப்பதாக இருந்தால், நலங்கு மாவும் மஞ்சளும் புதிதாக வேக்ஸ் செய்த தோலில் எரியும், அவருக்கும் இதே இடைவெளி விடுங்கள். இதுவரை வேக்ஸிங்கே செய்யாத பெண்ணுக்குக் கல்யாண வாரத்தில் முதல் முறையாகச் செய்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு மாதம் முன்பே முழங்கைக்குக் கீழே சின்ன இடத்தில் செய்து பார்க்கட்டும்.

உங்கள் விஷயத்தில் என் யோசனை இதுதான். ஃபுல் ஆர்ம்ஸ் மட்டும் செய்யுங்கள். காலை இந்த முறை விட்டுவிடுங்கள், பட்டுப் புடவைக்குள் யாருக்கும் தெரியப் போவதில்லை. உங்களுக்கே மனசு கேட்கவில்லை என்றால் ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், தோல் அதே இடத்தில் பத்திரமாக இருக்கும். மாசிக் கடைசியில் குளிர் விட்ட பிறகு காலுக்கு வேக்ஸிங் வைத்துக்கொள்ளலாம்.

காலில் இருப்பது வெறும் வறட்சியா, வெடிப்பும் இருக்கிறதா, கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். எந்த நாளில் எதைத் தொடங்குவது என்று பார்த்துச் சொல்கிறேன்.