கிழக்கும் மேற்கும் இடம் மாற: செட் கட்டளையில் ஒரு வழி

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்று நூலின் அத்தியாயங்கள் தனித்தனி டெக்ஸ்ட் கோப்புகளாக இருக்கின்றன. தட்டச்சில் கிழக்கும் மேற்கும் தலைகீழாக மாறிவிட்டன. லினக்ஸ் டெர்மினலில், சொற்களைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையால் திருத்தினால், கடைசியில் எல்லாமே கிழக்காகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் கிழக்கை மேற்காக மாற்றியிருப்பீர்கள். அந்த நொடியிலேயே பழைய மேற்கும் புதிய மேற்கும் கலந்துவிட்டன. அடுத்த கட்டளைக்கு இரண்டும் ஒன்றுதான், எல்லாவற்றையும் கிழக்காக்கிவிட்டது. நடுவில் ஒரு தற்காலிக அடையாளம் வேண்டும். கோப்பில் எங்குமே வராத ஒன்றாக அது இருக்கட்டும், உதாரணமாக @@0@@. அது ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா என்று கிரெப் (grep) என்ற தேடல் கட்டளையில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

/கிழக்கு/@@0@@/
/மேற்கு/கிழக்கு/
/@@0@@/மேற்கு/

ஒவ்வொரு வரியின் முன்னால் சிறிய எஸ், பின்னால் சிறிய ஜி என்ற ஆங்கில எழுத்துகளை ஒட்டி, ஒரு கோப்பில் சேமியுங்கள். ஜி இல்லாவிட்டால் வரிக்கு ஒரு சொல்தான் மாறும். இந்தக் கோப்பை மைனஸ் எஃப் மூலம் செட்டுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு வரியிலும் மூன்று மாற்றங்களும் இதே வரிசையில் நடக்கும்.

ஆனால் இதை உடனே ஓட்டாதீர்கள். செட்டுக்குத் தமிழ் தெரியாது, எழுத்துக்கோவைதான் தெரியும். ‘மேற்குறிப்பிட்ட’ என்ற சொல்லுக்குள்ளும் ‘மேற்கு’ இருக்கிறது. அது ‘கிழக்குறிப்பிட்ட’ ஆகிவிடும். தென்மேற்குப் பருவமழை தென்கிழக்குப் பருவமழையாகும். இவையாவது கண்ணில் பட்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்குத் தொடர்ச்சி மலையானால் யாருக்கும் சந்தேகம்கூட வராது, இரண்டும் உண்மையான மலைகள்தானே!

அதனால் மாற்றுவதற்கு முன் பட்டியல் எடுங்கள். கிரெப்பில் மைனஸ் ஓ, மைனஸ் ஹெச் இரண்டும் கொடுத்து, [^ ]*மேற்க[^ ]* என்று தேடுங்கள். அந்தச் சொற்கள் மட்டும் வந்து விழும். அதை வரிசைப்படுத்தும் சார்ட்டுக்கும் (sort), பிறகு ஒரே மாதிரி வரிகளை எண்ணிச் சொல்ல மைனஸ் சி கொடுத்த யூனிக்குக்கும் (uniq) அனுப்பினால், எந்த வடிவம் எத்தனை முறை என்று தெரிந்துவிடும். மேற்கே, மேற்கில் எல்லாம் அதில் இருக்கும், அவற்றுக்குத் தனித்தனியே மூன்று வரி சேருங்கள். மேற்கோள், மேற்கொண்டு என்பவையும் இருக்கும், அவற்றைத் தொட வேண்டாம். ‘கிழக்க’ என்றும் இதேபோல் ஒரு பட்டியல் எடுங்கள். வேலையைக் குறைக்கலாம் என்று ‘கிழக்’ என்ற பகுதியை மட்டும் மாற்றினால், கிழக்கிந்தியக் கம்பெனி மேற்கிந்தியக் கம்பெனியாகிவிடும்.

மாறக்கூடாதவற்றை முதலிலேயே ஒளித்துவையுங்கள். மேலே உள்ள வரிகளுக்கு முன்னால் இவற்றைச் சேருங்கள்:

/மேற்குறிப்பிட்ட/@@1@@/
/தென்மேற்குப் பருவ/@@2@@/
/வடகிழக்குப் பருவ/@@3@@/
/மேற்குத் தொடர்ச்சி/@@4@@/

கடைசியில் இவற்றைத் திருப்பிப் போட்டு, பழைய சொற்களை மீட்டுவிடுங்கள். செட் வரிவரியாகப் படிப்பதால், ‘மேற்குத்’ ஒரு வரியின் முடிவிலும் ‘தொடர்ச்சி’ அடுத்த வரியிலும் இருந்தால் தப்பிவிடும். ‘மேற்குத்$’ என்று தேடி ($ என்பது வரியின் முடிவு), அந்த இடங்களைக் கையாலேயே சரிபாருங்கள்.

ஒரு விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டும் ‘கு’வில் முடிவதால் வேற்றுமை உருபும் ஒற்றும் அப்படியே பொருந்துகின்றன. கோவையைத் திருப்பூராக மாற்றுபவருக்கு ‘திருப்பூர்யில்’தான் கிடைக்கும். ‘கோ’வில் வேறொரு சிக்கலும் உண்டு. அதன் உயிர்க்குறி சில கோப்புகளில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் இரண்டாகப் பிரிந்தும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் அகப்படாது.

சரி, இப்போது ஓட்டலாம். முதலில் ஒரே ஒரு அத்தியாயத்தில், விளைவை வேறொரு கோப்பில் சேமித்து, வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் (diff) மூலம் பழையதோடு ஒப்பிடுங்கள். திருப்தியானால், கோப்பையே நேரடியாக மாற்றும் மைனஸ் ஐ-யை ஒட்டி இடைவெளியில்லாமல் .பழசு என்று சேர்த்து, எல்லாக் கோப்புகளிலும் ஓட்டுங்கள். மூலக் கோப்புகள் அந்தப் பெயரொட்டோடு பத்திரமாக இருக்கும். மேக் கணினியிலும் இப்படி ஒட்டி எழுதினால் வேலை செய்யும். கோப்புப் பெயருக்கு வெறும் நட்சத்திரக் குறி போடாமல், டெக்ஸ்ட் கோப்புகள் மட்டும் வரும்படி கொடுங்கள்.

இரண்டாம் முறை மட்டும் தவறியும் ஓட்டிவிடாதீர்கள். திசைகள் பழையபடி தலைகீழாகும். .பழசு கோப்புகளிலும் மூலம் போய், முதல் முறை மாற்றியது வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் தொடங்கும் முன்பே முழு ஃபோல்டரையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.