ஒன்டிரைவ் மட்டும் போதுமா, தனி டிஸ்க் வேண்டுமா?

ஒன்டிரைவ் என்பது மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு. அது மட்டும் போதாது, கோப்புகளை நகலெடுத்து வைக்கத் தனி டிஸ்க் கட்டாயம் வேண்டும். கணினியில் ஒரு ஃபோல்டரை அழித்ததும் ஒன்டிரைவிலும் காணாமல் போனது என்கிறீர்கள். அது பழுது இல்லை, அதன் வேலையே அதுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் அழித்தால் அதுவும் அழிக்கும்.

வேறு எதையும் தொடும் முன், பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் அழித்தவை பொதுவாக 30 நாள் வரை அங்கே கிடக்கும். மகளின் தொடக்கப்பள்ளிப் படங்கள் என்றீர்களே, தயவுசெய்து இன்றே பாருங்கள்.

அப்புறம் டிஸ்க். சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேரின் கணினிக் கடைகளில் கிடைக்கும். பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும் என்றால் எஸ்எஸ்டியைவிட (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) சாதாரண ஹார்ட் டிஸ்க்கையே வாங்கச் சொல்வேன், விலையும் குறைவு.

1. டிஸ்க்கை மாட்டி, கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை (விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் வசதி) ஆன் செய்யுங்கள்.
2. நகலெடுத்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.
3. ஒரு படத்தை டிஸ்க்கிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

ஒன்று கவனம்: பக்கத்தில் மேகக் குறி உள்ள கோப்புகள் உங்கள் கணினியில் இல்லை, ஃபைல் ஹிஸ்டரி அவற்றை எடுக்காது. அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் இறங்கிய பிறகு நகலெடுங்கள். ஒன்டிரைவை நிறுத்த வேண்டாம், வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருப்பது நல்லதுதான்.