விளையாட்டு வீரர்கள் ஆட்டம் தொடங்கும் முன் நிறவெறிக்கு எதிராக மண்டியிடுவதைக் கட்டாயமாக்கலாமா, அவரவர் விருப்பத்துக்கு விடலாமா?

விருப்பத்துக்குத்தான் விட வேண்டும். ஆனால் "அது அவரவர் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021 டி20 உலகக் கோப்பையில் பார்த்தோம். அதுவரை தென்னாப்பிரிக்க அணியில் சிலர் மண்டியிட்டார்கள், சிலர் கையை உயர்த்தினார்கள், சிலர் சும்மா நின்றார்கள். துபாயில் மேற்கிந்தியத் தீவுகளோடு ஆட்டம் இருந்த நேரத்தில், எல்லாரும் மண்டியிட்டே ஆக வேண்டும் என்று அந்நாட்டு கிரிக்கெட் வாரியம் உத்தரவு போட, அணி வீரர் குவின்டன் டி காக் ஆடாமல் விலகிக்கொண்டார். இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டார். தன் மாற்றாந்தாய் கறுப்பினத்தவர், இதையெல்லாம் ஒரு சைகையால் நிரூபிக்க வேண்டுமா என்று நினைத்ததாகச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் மண்டியிட்டார். சரி, அதனால் யாருக்கு என்ன தெரிந்தது? நிறவெறி ஆட்சியால் இருபது வருடத்துக்கு மேல் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த நாடு அது, வாரியத்தின் பதற்றம் புரிகிறது. ஆனாலும் மனதாரச் செய்பவர் யார், இடம் போய்விடும் என்று செய்பவர் யார் என்று அதற்கப்புறம் பிரிக்கவே முடியாமல் போனது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் முஷ்டியை உயர்த்தியதை இன்றும் பேசுகிறோம் என்றால், யாரும் சொல்லாமல் செய்து, அதற்காக அணியிலிருந்து வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள் என்பதால்தான்.

இன்னொரு பக்கம் கால்பந்து வீரர் வில்ஃப்ரெட் ஸாஹா. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் எல்லாரும் மண்டியிட்டபோது, 2021 மார்ச்சில் நிற்க முடிவெடுத்த முதல் ஆள் இவர்தான், இவரே கறுப்பினத்தவர். மண்டியிட்டாலும் நின்றாலும் வசவு நிற்கவில்லை என்பது அவர் வாதம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

நான் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். செவன்ஸ் ஃபுட்பால் (அணிக்கு ஏழு பேர் ஆடுவது) என்றால் எங்கள் பையன்கள் மலப்புரம் வரைக்கும் பைக்கில் போவார்கள். ஆப்பிரிக்க வீரர் இல்லாத நல்ல டீமே கிடையாது, ஆனால் அவர் பந்தைத் தவறவிட்டால் கேலரியிலிருந்து வருவதை இங்கே எழுத முடியாது. 2024 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தி அடித்த வீடியோ பரவியது; நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் போலீஸில் புகார் கொடுத்தார். (தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஊர் கிரிக்கெட் வீரர்கள் அபினவ் முகுந்தும் சிவராமகிருஷ்ணனும் தங்கள் நிறத்துக்காகக் கேட்ட பேச்சைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.)

அதனால் கட்டாயம் யாருக்கு என்று கேட்டால், ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு. ஃபிஃபாவில் மூன்று படி முறை ஏற்கெனவே இருக்கிறது: முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, அடங்காவிட்டால் அணிகளை உள்ளே அனுப்புவது, அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடுவது. எங்கள் செவன்ஸ் கமிட்டிகளுக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை, ஆட்டம் முழுக்க நகைக்கடை விளம்பரம் கத்துகிற மைக் கையிலேயே இருக்கிறது. டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டி வருமோ என்ற பயத்தில்தான் அதை எடுப்பதில்லை என்பது என் சந்தேகம்.