உடல் ஸ்கேன் பிஎம்ஐயை விட நம்பகமானதா?

கேள்வி: உடல் பருமனையும் நோய் அபாயத்தையும் கணிக்க உடலை ஸ்கேன் செய்து பார்ப்பது பயன் தருமா, பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) போதாதா?

என் உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ, பிஎம்ஐ 23.4. அதிக எடை என்று கணக்கிடும் 25ஐத் தாண்டவில்லையே என்று பல வருடம் நிம்மதியாக இருந்தேன். (ஆசியர்கள் 23லேயே உஷாராக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004லேயே சொல்லியிருக்கிறது. எனக்குத் தெரிந்தது பிற்பாடுதான்.) அந்த நிம்மதியைக் கெடுத்தது ஒரு முப்பரிமாண ஸ்கேனர்.

உள்ளாடையோடு ஒரு வட்டத் தட்டில் ஏற்றி நிறுத்தினார்கள். முடி அளவைக் கெடுக்குமாம், அதற்கு ஒரு தொப்பி. கைகளை உடம்பில் ஒட்டாமல் அகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தட்டு மெதுவாக ஒரு சுற்று சுற்றியது, அவ்வளவுதான். திரையில் சாம்பல் நிறக் களிமண் பொம்மை மாதிரி நான். முன்பக்கம் ஒல்லி. பொம்மையைப் பக்கவாட்டில் திருப்பினால் குச்சிக் கை கால்களுக்கு நடுவே ஒரு பானை! இடுப்பு 92 செ.மீ. உயரத்தில் பாதிக்குள், அதாவது எனக்கு 84க்குள், இருந்திருக்க வேண்டும்.

பிஎம்ஐ இதைக் காட்டாததில் வியப்பில்லை. அந்தக் கணக்கைப் போட்ட கெட்டலே 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதர். அவர் தேடியது 'சராசரி மனிதனை', நோயாளியை அல்ல.

ஆனால் ஸ்கேனரையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அது பார்ப்பது தோலின் மேற்பரப்பை மட்டும்தான். கொழுப்புச் சதவீதம் என்று அச்சடித்துத் தருவது சூத்திரம் போட்டு வந்த மதிப்பீடு. தொப்பையில் இருப்பது தோலுக்கடியில் உள்ள கொழுப்பா, குடலையும் கல்லீரலையும் சுற்றியதா என்று அதற்குத் தெரியாது. சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அதிகம் வழி வைப்பது இரண்டாவதுதான். அதை நேரடியாகக் காட்டுபவை எம்ஆர்ஐயும் சிடியும். எடை பார்ப்பதற்காக மட்டும் யாரும் அவற்றை எழுதித் தர மாட்டார்கள்.

டெக்ஸா ஸ்கேன் நடுவில் வருகிறது. இரண்டு வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்ற திசு என்று பிரிக்கும். கதிர்வீச்சு மிகக் குறைவு, ஆனாலும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். ஜிம்மில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்கும் மிஷின் லேசான மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பிலுள்ள நீரை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்தோமா, வியர்த்தோமா என்பதைப் பொறுத்து எண் மாறும். எனக்கு ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் 3 சதவீதம் வித்தியாசம். எதில் பார்த்தாலும் அதே மிஷின், அதே நேரம், வெறும் வயிறு. அப்போதுதான் ஒப்பிட முடியும்.

ஸ்கேன் தாளை டாக்டரிடம் நீட்டினேன். ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்தார், கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 5.9 சதவீதம் வந்தது, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. அப்புறம் நான் ஸ்கேனர் பக்கம் போகவில்லை. மாதம் ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, தையல் டேப்பால் அளக்கிறேன். போன வாரம் 88.