புராஸ்டேட் அறிக்கையில் இரைப்பை நொதி எப்படி வந்தது?

உங்கள் அப்பாவின் புராஸ்டேட் திசு அறிக்கையில் ‘பெப்சினோஜன் சி பாசிட்டிவ், ஆண்ட்ரோஜன் ஏற்பி (ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) பாசிட்டிவ்’ என்று இருப்பதாகவும், பெப்சினோஜன் இரைப்பை நொதியாயிற்றே, புற்று வயிற்றிலிருந்து பரவியதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் கலங்கடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில், என் அப்பாவின் அறிக்கையில் இருந்த இதே வரியைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பணியைச் செய்தவர் சித்தப்பா.

நான் மருத்துவன் அல்லன். திசு ஆய்வகத்தில் 19 ஆண்டுகளாக ஸ்லைடுகளுக்குச் சாயமேற்றுகிறவன். ‘படிக்காதவன் எல்லாம் புற்றுநோய் பற்றி எழுத வந்துவிட்டான்’ என்று பின்னூட்டமிட இருப்பவர்கள் தாராளமாக இடலாம். என் கை சாயமேற்றித் தந்த பிறகுதான் படித்தவர்கள் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

அந்த நொதியை மட்டும் வைத்து வயிற்றைச் சந்தேகிக்க முடியாது. நொதி சுரப்பது புராஸ்டேட்டின் அன்றாடத் தொழில். புராஸ்டேட் புற்றைக் கண்காணிக்க இரத்தத்தில் அளக்கிறார்களே பிஎஸ்ஏ, புராஸ்டேட் சுரக்கும் அதுவே புரதத்தை வெட்டும் நொதிதான். கணையத்தின் செரிமான நொதியான கைமோட்ரிப்சினுக்குப் பங்காளி முறை. கட்டியான விந்தை இளகச் செய்வது அதன் வேலை. பெப்சினோஜன் சியும் நோயில்லாத ஆண்களின் விந்தில் இருக்கிறது. அமிலம் பட்டால்தான் அது வெட்டத் தொடங்கும்; விந்து லேசான காரத்தன்மை கொண்டது என்பதால் அங்கே சும்மா கிடக்கும். சில மார்பகப் புற்றுகளிலும் இதே நொதியைக் கண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் சித்தப்பாவிடம் தோற்றேன். அப்பாவின் திசு, அவர் ஒப்புதலோடு, ஓர் ஆராய்ச்சிக்கும் போயிருந்தது. பெப்சினோஜன் சி வழக்கமான பரிசோதனை அன்று; அந்த வழியில்தான் எங்கள் கைக்கு வந்த தாளில் அந்த வரி ஏறியது. “வயிற்றை விட்டுவிட்டு வேறெங்கோ வைத்தியம் பார்க்கிறீர்கள்” என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். எண்டோஸ்கோபி வரைக்கும் போனோம். குழாயை உள்ளே விட்டபோது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. வயிற்றில் ஒன்றுமில்லை. இரண்டு வாரம் வீண்.

அதன்பின் எங்கள் நோய்க்குறியியல் மருத்துவர் என்னை அழைத்து அப்பாவின் ஸ்லைடுகளைக் காட்டினார். (சொந்தக்காரரின் ஸ்லைடைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாயமேற்றியது நானல்ல, என் சக ஊழியர். அறிக்கையும் அதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது.) தேடும் புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். ஏற்பிக்கான ஸ்லைடில் செல்களின் உட்கருக்கள் மட்டும் பழுப்பாக, பேனாவால் புள்ளி வைத்தாற்போல் தெரிந்தன. பெப்சினோஜன் ஸ்லைடில் அதே உட்கருக்கள் நீலமாக நிற்க, அவற்றைச் சுற்றிப் பழுப்பு திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வந்து பற்றியதும் ஏற்பி உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பிஎஸ்ஏ சுரப்பதும் அதன் உத்தரவில்தான்.

ஏற்பி பாசிட்டிவ் என்பதைப் பார்த்து நான் அன்று மகிழ்ந்துபோனேன், ஹார்மோன் சிகிச்சை கட்டாயம் கேட்கும் என்று. மார்பகப் புற்றில் ஏற்பியைப் பார்த்துத்தான் ஹார்மோன் சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். புராஸ்டேட் புற்றிலோ ஏறக்குறைய எல்லோருக்குமே ஏற்பி இருக்கும். சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் போன கட்டிகளிலும் பெரும்பாலும் இருக்கும். டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஹார்மோன் ஊசி போட்ட ஐந்து மாதத்தில் அப்பாவின் பிஎஸ்ஏ 62இலிருந்து 0.4க்கு இறங்கியதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். மருத்துவர் மட்டும், “நல்ல செய்திதான். ஆனால் சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையத்தான் செய்யும். வீட்டுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துவிடாதே” என்றார். நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டிருக்கிறோம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1941இல் ஹக்கின்ஸும் ஹாட்ஜஸும், டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் விரையை அகற்றினால் புராஸ்டேட் புற்று தணிகிறது என்று காட்டினார்கள். புராஸ்டேட் சுரக்கும் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இரத்தத்தில் இறங்கியதுதான் அவர்களின் சாட்சி. 1966இல் ஹக்கின்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஹாட்ஜஸுக்கு இல்லை. அவர் பெயராவது கட்டுரையில் இருந்தது. அப்பாவின் திசு போன ஆராய்ச்சிக்கு 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, கொதிக்கும் கரைசலில் கை சுட்டுக்கொண்டு, நூற்றுக்கணக்கான ஸ்லைடுகளுக்குச் சாயமேற்றிய என் சக ஊழியரின் பெயர் நன்றி நவிலலில்கூட இல்லை. ‘ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி.

சரி, உங்கள் விஷயம். அறிக்கையில் பிஎஸ்ஏ, என்கேஎக்ஸ் 3.1 (புராஸ்டேட் செல்களின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதம்) என்ற இரண்டுக்குமான சாயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். புற்று புராஸ்டேட்டில் தொடங்கியதா என்பதைச் சொல்ல அவைதாம் பெரிதும் உதவும். இல்லையென்றால், எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கும் முன் அறிக்கையில் கையெழுத்திட்டவரையே நேரில் போய்க் கேளுங்கள்.